கார் சார்ஜாகும்போது ட்ரிப் சுவிட்ச் ஏன் உறங்கிவிடுகிறது?

"வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது. டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் டக்கென்று விழுகிறது. கார் சார்ஜருக்கு இன்னொன்று ஏன் போடச் சொல்கிறார்கள்?" யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் வாசகர் ஒருவரின் கேள்வி இது. 2025 பெப்ரவரியில் இலங்கையில் கார் இறக்குமதித் தடை நீங்கிய பிறகு மின்சாரக் கார் வாங்கும் எல்லோரும் கேட்கவேண்டிய கேள்வியும் கூட.

இணைப்பின் அளவை முதலில் சொல்லிவிடுவோம். நம் வீடுகளில் பெரும்பாலும் 30 அம்பியர் சிங்கிள் பேஸ் இணைப்புத்தான். 32 அம்பியர் சார்ஜர் தனியாகவே 7.4 கிலோவாற் இழுக்கும். அதற்கு மின்சாரம் வழங்கும் நிறுவனத்திடம் விண்ணப்பித்து இணைப்பைக் கூட்டாமல் வழியில்லை. சார்ஜரை 16 அம்பியரில் வைத்தால் 3.7 கிலோவாற். கேத்திலுக்கு 9, தண்ணி மோட்டருக்கு 5 என்று சேர்த்தால் 30ஐத் தொட்டுவிடும் என்பதால், எல்லோரும் படுத்த பிறகு ஏற்றுவதே நல்லது. 40 கிலோவாற் மணி பற்றரியை 20 வீதத்திலிருந்து 80 வீதத்துக்கு ஏற்ற, இழப்பையும் சேர்த்து ஏறத்தாழ 7 மணித்தியாலம் போதும். 16 அம்பியருக்கு 4 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரும் 20 அம்பியர் எம்.சி.பி.யும் (மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்), 32 அம்பியருக்கு 6 சதுர மில்லிமீற்றர் வயரும் 40 அம்பியர் எம்.சி.பி.யும் வேண்டும். சாதாரண 13 அம்பியர் பிளக் பொயின்ற்றில் ஏற்றுவதானால் 10 அம்பியருக்கு மேல் வேண்டாம். விடிய விடிய முழுச் சுமை ஓடினால் முள் பிடிக்கும் இடம் சூடேறிப் பழுப்பாகி, பிறகு உருகும்.

இனி ட்ரிப் சுவிட்ச். அதற்குள்ளே வளையம் போல ஒரு இரும்பு அகணி இருக்கிறது. லைனும் நியூட்ரலும் அதனூடாகப் போகின்றன. போன மின்னோட்டம் முழுதாகத் திரும்பினால் இரண்டின் காந்தப் புலங்களும் ஒன்றையொன்று அழித்துவிடும், சமநிலைத் தராசு போல. 30 மில்லி அம்பியர் யாரோ ஒருவரின் உடல் வழியாக மண்ணுக்குப் போனால் தராசு சாயும். அகணியில் சுற்றிய மெல்லிய சுருளில் மின்னழுத்தம் தோன்றும், சுவிட்ச் விழும். அந்த மின்னழுத்தம் காந்தப் புலம் மாறும்போது மட்டுமே தோன்றும். நம் மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை ஆடுவதால் அதில் குறை இல்லை.

கார் அந்த ஆடும் மின்சாரத்தை நேர் மின்னோட்டமாக்கித்தான் பற்றரிக்கு ஊட்டுகிறது. உள்ளே காப்பு பழுதானால் கசிவதும் ஆடாத நேர் மின்னோட்டம். அது அகணியை ஒரே பக்கமாகக் காந்தமாக்கிப் பிடித்துக்கொள்கிறது. தராசின் ஒரு தட்டில் பாறாங்கல்லை வைத்த மாதிரி: அதன் பிறகு மறு தட்டில் ஒரு கொத்து அரிசி போட்டாலும் முள் அசையாது. இதைத்தான் அகணி நிரம்பிவிட்டது என்கிறோம். அந்த நேரத்தில் சமையலறையில் ஒருவருக்கு மின் தாக்கினாலும் அதே சுவிட்ச் விழாமல் இருந்துவிடலாம். கார் சார்ஜில் இல்லாதபோது டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் கல் இல்லாத தராசைத்தான் சோதிக்கிறோம்.

சுவிட்ச் முகப்பில் உள்ள குறியைப் பாருங்கள். ஒற்றை அலைக்கோடு மட்டும் இருந்தால் அது ஏசி வகை, காருக்கு ஆகாது. அலைக்கோட்டின் கீழே அரை அலை மேடுகளும் இருந்தால் ஏ வகை. 6 மில்லி அம்பியர் நேர் கசிவு வரை தாங்கும். நல்ல சார்ஜர்களுக்குள் அந்த 6 மில்லி அம்பியரைக் கண்டதும் துண்டிக்கும் உணரி இருக்கும். அது தனக்குள் இருக்கும் அகணியைத் தானே வேண்டுமென்று இரு பக்கமும் மாறி மாறி நிரப்புகிறது. நேர் கசிவு இருந்தால் ஒரு பக்கம் கொஞ்சம் முந்தி நிரம்பும். அந்த முந்தலை அளந்துவிடுகிறது. சுவிட்சைக் குருடாக்கிய அதே குணத்தையே கண்ணாக்கிய இந்த யோசனை எத்தனை தடவை நினைத்தாலும் அழகு! சார்ஜரில் உணரி இருந்தால் ஏ வகை போதும். இல்லாவிட்டால் நேர் கசிவையும் கண்டு விழும், விலை கூடிய பி வகை வேண்டும். எதுவானாலும் சார்ஜர் வயரை வீட்டின் பழைய ட்ரிப் சுவிட்சுக்குப் பின்னால் இழுக்காதீர்கள். மெயின் சுவிட்சிலிருந்து தனிப் பெட்டிக்குக் கொண்டு போகவேண்டும்.

நமக்கு இது கூடுதல் அவசரம். இலங்கையில் ஏர்த் என்பது, கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோக வீட்டுக்காரர் தன் வளவில் அடிக்கும் கம்பிதான். வலிகாமத்தில் செம்மண் சில அடியில் முடிந்து சுண்ணக்கல் வந்துவிடும், காங்கேசன்துறையில் சீமெந்துக்கு வெட்டிய அதே கல். கம்பி பாதியில் நிற்கும். மிச்சத்தை வெட்டி மூடிவிடுவார்கள். ஏர்த் தடை 50 ஓம் என்றால் 230 வோல்ற்றில் ஓடுவது 4.6 அம்பியர்தான், 20 அம்பியர் எம்.சி.பி. அசையாது. காரின் உடலில் மின் ஏறினால் காப்பாற்ற ட்ரிப் சுவிட்ச் ஒன்றே மிச்சம்.

கல் முட்டினால் கம்பியை வெட்டாமல், கம்பியின் நீளத்துக்குக் குறையாத இடைவெளியில் இன்னும் இரண்டு அடித்து இணைக்கலாம். துளையிட்டு இறக்கி, ஈரத்தைப் பிடித்துவைக்கும் பென்ரனைற் களிமண் நிரப்பலாம். உப்புப் போடும் பழக்கத்தை விடுங்கள், அது கம்பியைத் தின்றுவிடும். சோதிக்க ஆள் வருமுன் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. மார்கழி ஈரத்தில் நல்ல எண் காட்டும் கம்பி, ஆடி வெயிலில் பல மடங்கு தடை காட்டலாம். 200 ஓமுக்கு மேல் போனால் அதை நம்பமுடியாது. அளவை ஆடியில் எடுக்கச் சொல்லுங்கள், கிடைத்த ஓம் கணக்கைச் சார்ஜரின் தனிப் பெட்டி மூடிக்குள்ளே திகதியோடு எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.