‘எடை’ என்று எழுதினால் போதாது, எந்த எடை?

இந்த மாங்காய் சீசனில் இப்படி ஒரு தகராறு வருவது இது மூன்றாவது முறை. நகரி பக்கத்து விவசாயிகள் குழுவின் கணக்கையும் சித்தூர் பக்கத்துக் கூழ் ஆலையின் கணக்கையும் ஒரே தரவுத்தளத்தில் சேர்க்க உட்கார்ந்தோம். இரண்டின் மொத்த எடையும் ஒத்துவரவில்லை. இரண்டு தரப்பும் மற்றவரைத் திருடன் என்றே நினைத்துவிட்டது. யாரும் திருடவில்லை.

“பேர்களுக்கு ஒரு பட்டியல் போட்டா முடிஞ்சுதே சார்” என்கிறார்கள். இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பெயர் வேறாக இருப்பது எளிய சிக்கல். கிளிமூக்கு, தோதாபுரி, பெங்களூரா, கலெக்டர் எல்லாம் ஒரே மாங்காய். அதற்கு ஓர் எண் கொடுத்து, நான்கு பெயரையும் அதன் கீழ் எழுதினால் சரி. ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் அக்ரோவாக் சொற்களஞ்சியம் பல மொழிகளுக்கு இதைத்தான் செய்கிறது. யாரும் தங்கள் பெயரை விட வேண்டியதில்லை. அரை நாள் வேலை.

பெயர் ஒன்றாக இருந்து பொருள் இரண்டாக இருப்பதுதான் ஆபத்து. அங்கே யாருக்கும் சந்தேகமே வராது. அந்தக் குழுவின் நோட்டில் ‘எடை’ என்றால் எடைமேடைச் சீட்டில் இருப்பது. ஆலையின் கணினியில் ‘எடை’ என்றால் அழுகல், அடிபட்ட காய் கழித்தது போக மிச்சம். சீட்டை மேசையில் வைத்த பெரியவர் என்னிடம், “தம்பி, 1000 கிலோன்னு அச்சடிச்சிருக்கு, 950ன்னு ஏத்தியிருக்காங்களே” என்றார். இரண்டு எண்ணும் சரி.

2025-இல் ஆந்திர அரசு தோதாபுரிக்கு கிலோவுக்கு 4 ரூபாய் மானியம் அறிவித்தது. அந்த 50 கிலோவுக்கு 200 ரூபாய். ஒரு லாரிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

‘பக்குவம்’ இன்னும் மோசம். தமிழிலும் தெலுங்கிலும் ஏறக்குறைய ஒரே சொல். தோட்டக்காரருக்குப் பறிக்கலாம் என்ற நிலை. ஆலைக்காரருக்குக் கூழ் எடுக்கலாம் என்ற நிலை. நடுவே பழுக்க வைக்கும் நாட்கள் இருக்கின்றன.

தயவுசெய்து ஓட்டெடுப்பு நடத்தி ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தோற்றவர் பழைய பொருளிலேயே எழுதிக்கொண்டிருப்பார். இரண்டு பொருள் இருந்தால் இரண்டு பெயர் வையுங்கள்: சீட்டில் இருப்பது மேடை எடை, கழித்தது போக ஆலை ஏற்றுக்கொண்டது ஏற்பு எடை. தரவுகளைச் சேர்க்கும் எங்கள் தொழிலில் ஆன்டாலஜி என்பது இந்தப் பிரிப்பும், ஒன்றிலிருந்து மற்றது எப்படி வருகிறது என்ற உறவும்தான். மென்பொருள் அப்புறம்.

வரையறையில் எது சேராது என்பதையும் எழுதுங்கள். ஒரு நிஜச் சீட்டை எடுத்து இரண்டு தரப்பையும் தனித்தனியே நிரப்பச் சொல்லுங்கள். எண் மாறினால் வரையறை இன்னும் முடியவில்லை. கூட்டத்துக்கு மேலாளரை மட்டும் அழைக்காதீர்கள். எடைமேடையில் நிற்பவரும் காயைக் கழிப்பவரும் வரட்டும், அவர்களுக்கு அன்றைய கூலியும் கொடுங்கள். எழுதியதை இரு மொழியிலும் வாசித்துக் காட்டுங்கள்.

ஜூனில் ஆலை வாசலில் லாரிகள் வரிசை கட்டிவிட்டால் யாருக்கும் உட்காரப் பொழுதிருக்காது. மாமரம் பூத்திருக்கும்போதே ஒரு நாள் ஒதுக்குங்கள்.