பிள்ளை வரைந்த படத்தை லேமினேட் செய்யாதீர்கள்

பழைய ஆவணங்களையும் தாளில் வரைந்த ஓவியங்களையும் சீர்செய்வது என் தொழில். போன மாதம் மயிலாப்பூரிலிருந்து ஒரு அம்மா லேமினேட் செய்த தாள் ஒன்றோடு வந்தார். இருபது வருடங்களுக்கு முன் அவர் மகள் நாலு வயதில் வரைந்த கபாலீஸ்வரர் கோயில் தேர். கிரேயான் சக்கரங்கள் லேமினேஷன் சூட்டில் உருகிப் பரவியிருந்தன. ஸ்கெட்ச் பேனாவில் போட்ட கூட்டம், கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த வெளிச்சத்தில் வெளிறிப் போயிருந்தது. பிளாஸ்டிக் விலகிய ஓரத்தில் பூஞ்சை. "இதைப் பிரிச்சுத் தர முடியுமா சார்?" என்றார். பசை தாளின் நாருக்குள் இறங்கிவிட்டது. பிரித்தால் படமும் கூடவே வந்துவிடும். முடியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று.

அந்தத் தேரில் சக்கரம் கோபுரத்தைவிடப் பெரியது. நாலு வயதுப் பிள்ளை மாடவீதியில் நின்றால் கண்ணுக்கு நேரே இருப்பது சக்கரம்தானே! மூன்று நான்கு வயதில் பிள்ளைகள் தலையிலிருந்து நேராகக் கால் முளைத்த மனிதனை வரைவார்கள். உலகமெங்கும் அப்படித்தான். கொஞ்சம் வளர்ந்ததும் பஸ்ஸின் தகரத்தைத் தாண்டி உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் காலையும் வரைவார்கள். "உடம்பு எங்கே?" என்று திருத்துகிறோம். தயவுசெய்து வேண்டாம். அந்தப் பார்வை சில வருடங்கள்தான் இருக்கும், அப்புறம் திரும்பாது. ஓவியர் பால் கிளே 1911-இல் தன் படைப்புகளைப் பட்டியலிடத் தொடங்கியபோது, சிறுவயதில் வரைந்த சில படங்களையும் அதில் சேர்த்துக்கொண்டார். நாமோ பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறோம்.

ஸ்கெட்ச் பேனாவின் சாயம் வெளிச்சத்தில் சீக்கிரம் மங்கும். அதனால் வரைந்த அன்றே, வெயில் படாத பகல் வெளிச்சத்தில் செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். செல்லோடேப் கூடாது, பசை பழுத்துக் கறையாகிவிடும். மலிவான சார்ட் பேப்பரில் இருக்கும் அமிலம் தாளை மஞ்சளாக்கி நொறுங்க வைக்கும். இரண்டு படங்களுக்கு நடுவே அமிலமில்லாத வெள்ளைத் தாள் ஒன்று வையுங்கள். ஆயில் பேஸ்டல் காயவே காயாது, கத்திரி வெயிலில் இன்னும் இளகும். அதற்கு மேல் பட்டர் பேப்பர்.

நம்முடையது கடற்கரை ஊர், ஈரக்காற்று ஓயாது. பரணில் போட்டால் சூடும் இராமபாணப் பூச்சியும் பார்த்துக்கொள்ளும். வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில் ஓதம் ஏறும். உள்ளறை அலமாரியின் நடுத்தட்டில், ஃபைலில் படுக்கவைத்தால் போதும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நனைந்த படங்களோடு பலர் வந்தார்கள். ஒன்றோடொன்று ஒட்டிய தாள்களை இழுத்துப் பிரித்ததில்தான் அதிகம் கிழிந்திருந்தன. நனைந்த கட்டைப் பிரிக்காமல் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் பூஞ்சை வளராமல் நிற்கும். பிறகு எங்களைப் போன்றவர்களிடம் கொண்டுவரலாம்.

இன்னொன்று. படத்தின் பின்னால் தேதி, வயது, பிள்ளை சொன்ன கதை மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறும். பென்சில் கரி மங்காது. அந்த மயிலாப்பூர்த் தாளைத் திருப்பிப் பார்த்தபோது, பிளாஸ்டிக்குக்குள் பிள்ளையின் தாத்தா பென்சிலில் எழுதியது மட்டும் அப்படியே இருந்தது: "சக்கரம் என்னைப் பார்த்துச்சு தாத்தா."