சேலத்து வெயிலில் ஓவர்கிளாக்கிங்

பிராசசரின் வேகத்தை அதற்கு விதித்த அளவுக்கு மேல் கூட்டுவதுதான் ஓவர்கிளாக்கிங். அது பயாஸில், அதாவது கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் அமைப்பு நிரலில், ஓர் எண்ணை மாற்றும் வேலைதான். 45 என்றிருக்கும் மல்டிபிளையரை (பெருக்கு எண்ணை) 47 ஆக்கினால், 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கிளாக்கோடு பெருகி 4.7 கிகாஹெர்ட்ஸ் ஆகிவிடும். ஏஎம்டியின் ரைசன் பிராசசர்கள் பெரும்பாலும் இதற்கு இடம் தரும். இன்டெல்லில் பெயரின் முடிவில் 'கே' எழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிக்கல் எண்ணில் இல்லை, வெப்பத்தில் இருக்கிறது.

4.5 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.22 நானோநொடி. அதற்குள் மின்குறி வரிசையான டிரான்சிஸ்டர்களைக் கடந்து போய்ச் சேர்ந்தாக வேண்டும். வேகம் கூடினால் இந்த அவகாசம் சுருங்கும். குறி சேரத் தவறினால் கணக்கு பிழையாகி, விளையாட்டு பாதியில் நின்றுவிடும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் டிரான்சிஸ்டர்கள் விரைந்து மாறும். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். மின்செலவு வேகத்தின் நேர்விகிதத்தில் ஏறுகிறது. மின்னழுத்தத்துக்கோ இருமடி (வர்க்க) விகிதத்தில். வேகத்தை 5 சதவீதம் கூட்டுவதற்காக 1.20 வோல்ட்டை 1.32 ஆக்கினால், வெப்பம் ஏறத்தாழ 27 சதவீதம் கூடும்.

இனி ஏற்காட்டையும் சேலத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹீட்சிங்கும் (சூட்டை உறிஞ்சி வெளியேற்றும் உலோகத் தகடுகள்) ஃபேனும் சிப்பை அறையைவிடக் குளிர்விக்க முடியாது. முழுப் பளுவில் சிப் அறையைவிட 50 டிகிரி கூடுதலாகச் சுடும் என்று கொள்வோம். 22 டிகிரி உள்ள ஏற்காட்டு அறையில் அது 72. கோடையில் 36 டிகிரி உள்ள சேலத்து அறையில் 86. அந்த 27 சதவீதத்தையும் சேர்த்தால் ஏற்காட்டில் 85, சேலத்தில் 99! பல பிராசசர்கள் 95 முதல் 100 டிகிரிக்குள் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். கூட்டிய வேகம் கைக்கு வராமலே போகும். (சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று சற்று அடர்த்தி குறைந்தது, ஃபேன் அங்கே கொஞ்சம் வலுவிழக்கும். ஆனால் குளிர்ச்சியின் லாபம் அதைவிடப் பெரிது.)

ஆகவே மின்னழுத்தத்தைத் தொடாமல், மல்டிபிளையரை மட்டும் ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் பளுச்சோதனை (பிராசசரை முழுமூச்சாக உழைக்கவைக்கும் நிரல்) ஓட்டி வெப்பநிலையைக் கவனியுங்கள். 95ஐ நெருங்கினால் ஒரு படி இறங்குவதே நல்லது. சோதனையை மே மாதப் பிற்பகல் மூன்று மணிக்கு, ஏசி இல்லாமல் செய்யுங்கள். மார்கழி இரவில் தேறிய அமைப்பு சித்திரையில் தேறும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அதற்கு முன் கேபினெட்டின் தூசி வடிகட்டியைக் கழற்றித் துடைத்துவிடுங்கள்.

கம்ப்யூட்டர் எழ மறுத்தால் பதற வேண்டாம். மின்இணைப்பைப் பிடுங்கி, மதர்போர்டில் இருக்கும் வட்டமான சிறு பேட்டரியைச் சில நிமிடங்கள் எடுத்து வைத்தால் பல போர்டுகளில் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும். ஓவர்கிளாக்கிங்கால் வரும் பழுதுக்குப் பொதுவாக வாரண்டி கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம்.

விளையாட்டுதான் நோக்கம் என்றால், என் பரிந்துரை வேறு: கிராபிக்ஸ் கார்டின் மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள். அதே இருமடி விதி இப்போது நமக்குச் சாதகமாக வேலை செய்யும். பல கார்டுகள் வேகத்தை இழக்காமலே குளிர்ந்து ஓடுகின்றன.