எக்ஸோம் ரிப்போர்ட் நார்மல் என்றால் எல்லாம் சரி என்று அர்த்தமா?

பெங்களூரில் மரபணு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். ஓசூர், தருமபுரிப் பக்கத்துக் குடும்பங்கள் தமிழில் பேசலாம் என்பதற்காகவே என்னிடம் வருகிறார்கள். கையில் கொண்டுவரும் ஃபைலில் பெரும்பாலும் ஓர் எக்ஸோம் ரிப்போர்ட், அதாவது மரபணுக்களில் புரதம் செய்யச் சொல்லும் பகுதிகளைப் படித்த ரிப்போர்ட், இருக்கும். "எல்லாம் நார்மல்னு போட்டிருக்காங்க மேடம். ஆனா குழந்தை பாலே சப்பிக் குடிக்க மாட்டேங்குது, அழறதுகூட ஈனஸ்வரமாத்தான் இருக்கு" என்பார் அம்மா.

அந்த ரிப்போர்ட்டில் தவறு இல்லை. அது டி.என்.ஏ.வின் எழுத்து வரிசையை மட்டும் படித்திருக்கிறது. 'க'வின் தலையில் புள்ளி வைத்தால் 'க்' ஆகிவிடுகிறதல்லவா? அதுபோல டி.என்.ஏ.வின் 'சி' எழுத்தின்மேல், அதாவது சைட்டோசின்மேல், செல் மீத்தைல் குழு என்ற ஒரு சிறு ரசாயனத் துணுக்கை ஒட்டவைக்கும். எழுத்து மாறாது. ஆனால் மரபணுவின் தொடக்கப் பகுதியில் இப்படி மீத்தைல் நிறைந்துவிட்டால் அந்த மரபணு பெரும்பாலும் அடங்கிவிடும். வழக்கமான பரிசோதனையில் டி.என்.ஏ.வை பி.சி.ஆர். முறையில் நகலெடுத்த பிறகே படிக்கிறார்கள். அந்த நகலில் இந்தக் குறி வராது.

பிராடர்-வில்லி நோய்க்கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 15ஆம் குரோமோசோமில் ஒரு பகுதியில், அப்பாவிடமிருந்து வந்த பிரதி மட்டுமே வேலை செய்யும் மரபணுக்கள் உள்ளன. அம்மாவிடமிருந்து வந்த பிரதி மீத்தைல் ஏறி அடங்கியிருக்கும். சில குழந்தைகளுக்கு இரண்டு பிரதிகளுமே அம்மாவிடமிருந்து வந்துவிடுகின்றன. அப்போது ஓர் எழுத்துகூடப் பிழையாக இருக்காது, ஆனால் நோய் இருக்கும். கைக்குழந்தையாக இருக்கும்போது உடல் துவண்டு கிடக்கும். சில வருடங்களில் அடங்காத பசி தொடங்கும். அறிவுவளர்ச்சியைப் பாதிக்கும் ஃப்ராஜைல் எக்ஸ் நோயில் கதை வேறு. எஃப்.எம்.ஆர்.1 மரபணுவில் 'சிஜிஜி' என்ற மூன்றெழுத்து 200 தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வந்து, அதன்மேல் மீத்தைல் ஏறி, மரபணு அடங்கிவிடுகிறது.

இந்தக் குறிகளைப் படிக்க 1992இல் பைசல்பைட் என்ற ரசாயனத்தைப் பயன்படுத்தும் முறை வந்தது. நம்பகமானதுதான், ஆனால் அந்த ரசாயனம் டி.என்.ஏ.வைத் துண்டுதுண்டாக்கிவிடும். டி.என்.ஏ.வை நேரடியாகப் படிக்கும் நானோபோர் கருவிக்கு ரசாயன மாற்றமும் வேண்டாம், நகலெடுப்பும் வேண்டாம். ஒரு சவ்வில் பதித்த நுண்ணிய புரதத் துளை வழியாக டி.என்.ஏ. இழை நொடிக்குச் சுமார் 400 எழுத்து வேகத்தில் நகரும். துளைக்குள் நிற்கும் எழுத்துகளைப் பொறுத்து மின்னோட்டம் கூடும், குறையும். திரையில் அது மேலும் கீழும் துள்ளும் கோடாக ஓடிக்கொண்டிருக்கும். மீத்தைல் ஒட்டிய 'சி' வரும் இடத்தில் அந்தக் கோடு சற்றே விலகும். கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. இதற்கென்றே பயிற்சி கொடுத்த மென்பொருள் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நிகழ்தகவு போட்டுத் தரும். நீளமான துண்டுகளாகப் படிப்பதால், அப்பா அம்மா ரத்தமும் கிடைத்தால், எந்தக் குறி யாருடைய பிரதியில் இருக்கிறது என்றும் பிரித்துவிடலாம். பேக்பயோ என்ற நிறுவனத்தின் கருவி வேறு வழியில் போகிறது: பாலிமரேஸ் நொதி எழுத்தெழுத்தாகச் சேர்க்கும்போது எங்கே தயங்குகிறது என்று அளக்கிறது.

இவ்வளவு சொன்னாலும், பிராடர்-வில்லி சந்தேகம் வந்தால் நான் முதலில் எழுதச் சொல்வது இந்த மீத்தைல் குறியைப் பார்க்கும் வழக்கமான மீத்தைலேஷன் பரிசோதனைதான். செலவு குறைவு, 99 சதவீதத்துக்கு மேல் கண்டுபிடித்துவிடும். கடன் வாங்கி இரண்டாவது எக்ஸோம் எடுக்கும் முன் மருத்துவரிடம், "மீத்தைலேஷன் பாத்தாச்சா டாக்டர்?" என்று கேளுங்கள். நானோபோர், பேக்பயோ போன்ற நீளத் துண்டுப் பரிசோதனைக்குப் போவதாக இருந்தால் புதிதாக ரத்தம் கொடுங்கள். பலமுறை உறையவைத்து உருகிய பழைய மாதிரியில் டி.என்.ஏ. நொறுங்கியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மீத்தைல் குறி ரத்தத்தில் ஒருவிதமாகவும் மூளையில் வேறுவிதமாகவும் இருக்கலாம். அதனால் இந்தக் குறிகளைப் பார்த்து 'உங்கள் உடலின் உண்மையான வயது' என்று விற்கும் பரிசோதனைகளை வைத்து மருந்தை நிறுத்துவதோ தொடங்குவதோ வேண்டாம்.

முடிவு வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "சொந்தத்துல கட்டினதாலயா? யார் பக்கத்துல இருந்து வந்துச்சு?" என்பது. மாமியார் மருமகளைப் பார்ப்பார். அந்தப் பெண் தலை குனிந்துகொள்வாள். எனக்கு மனசு கேட்காது. பிராடர்-வில்லிக்கும் சொந்தத்தில் கட்டியதற்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு இது கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது தற்செயலாக நேர்ந்தது. அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு. வெகு சிலருக்கு மட்டும் குறியிடுதலைக் கட்டுப்படுத்தும் பகுதியிலேயே ஒரு சிறு துண்டு விடுபட்டிருக்கும். அது அப்பாவிடமிருந்து வந்திருந்தால் அந்த வாய்ப்பு 50 சதவீதம் வரை போகும். அதனால் அடுத்த குழந்தையைப் பற்றி யோசிக்கும் முன், எந்த வகை என்று பிரித்துப் பார்க்கும் பரிசோதனைக்குக் கணவரும் சேர்ந்தே வர வேண்டும்.