அந்தப் போத்தல் முகத்துக்கு இல்லை

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அன்ரி ஒருவர் போன கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். சுண்டுவிரல் அளவில் ஒரு கண்ணாடிப் போத்தல். "பிள்ளை, இது உங்கட லேபில பாவிக்கிற சாமான்தானே? பார்லரில முகத்துக்கு ஊசியாப் போடலாம் எண்டு சொல்லுகினம். ஆனா உள்ளுக்க ஒண்டையும் காணேல்லையே, ஏமாத்துகினமோ?"

அது உண்மையான சாமானாக இருந்ததுதான் எனக்குப் பயம். லேபிளில் ஈ.ஜி.எஃப்., 100 மைக்ரோகிராம் என்று இருந்தது. ஈ.ஜி.எஃப். என்பது தோல் கலங்களைப் பெருகச் செய்யும் ஒரு வளர்ச்சிக் காரணி, ஒரு புரதம். உறையவைத்து உலர்த்திய புரதம் கண்ணாடியோடு படலமாக ஒட்டிக் கிடக்கும், கண்ணுக்குப் பிடிபடாது. எங்கள் மாணவி ஒருத்திகூட வெறும் போத்தல் வந்திருக்கிறதென்று குப்பைக்குள் போடப் போனாள். கலங்களை வளர்க்கும் திரவத்தில் மில்லிலீற்றருக்கு 10 நானோகிராம் விட்டாலே தோல் கலங்கள் பெருகும். கணக்குப் பார்த்தால் அந்த 'வெறும்' போத்தல் 10 லீற்றருக்குக் காணும்.

53 அமினோ அமிலங்கள் கோத்த சின்னப் புரதம் இது. ஸ்டான்லி கோஹன் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் இதைக் கண்டுபிடித்தார். அந்தச் சாற்றை ஏற்றிய எலிக்குஞ்சுகளின் கண்கள் நாளுக்கு முன்பே திறந்ததுதான் துப்பு. 1986 இல் ரீட்டா லெவி மொன்டால்சினியோடு நோபல் பரிசு. இன்றைக்கு எலி தேவையில்லை. மனித மரபணுவை ஈ.கோலை பக்டீரியாவுக்குள் வைத்தால் அது செய்து தந்துவிடும்.

அங்கேதான் சிக்கல். பக்டீரியாவின் சுவரிலிருந்து என்டோடொக்சின் என்ற நச்சும் கூடவே வரும். சுத்திகரித்துக் குறைப்பார்கள்தான், ஆனால் எவ்வளவு மிஞ்சலாம் என்பதைத் தட்டில் வளரும் கலங்களை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள், மனித உடம்பை வைத்து அல்ல. சிலவற்றில் புரதம் கண்ணாடியில் ஒட்டாமலிருக்க மாட்டு இரத்தப் புரதமான அல்புமினும் சேர்த்திருக்கும். ஊசியில் ஏற்றினால் காய்ச்சலும் வரலாம், ஒவ்வாமையும் வரலாம். வளர்ச்சிக் காரணிக்கு நல்ல கலம், கெட்ட கலம் என்ற பேதமும் தெரியாது. ஈ.ஜி.எஃப். வந்து ஒட்டும் ஏற்பி, கலத்தின் மேற்பரப்பில் அளவுக்கு மிஞ்சி இருக்கும் புற்றுக்கட்டிகள் உண்டு. அந்த ஏற்பியை அடைப்பதற்கென்றே செட்டுக்சிமாப் போன்ற மருந்துகள் இருக்கின்றன.

வளர்ச்சிக் காரணிகளில் மருந்தானவையும் இல்லாமலில்லை. மதுவத்தில் செய்த பெக்காபிளெர்மின் 1997 இல் அமெரிக்காவில் நீரிழிவுக்காரரின் காற்புண்ணுக்கு அனுமதி பெற்றது. அதுவும் மேலே பூசுகிற ஜெல். அதற்கே 2008 இல் புற்றுநோய் எச்சரிக்கை போட்டார்கள், பத்து வருடம் கழித்து எடுத்தார்கள். மருந்தென்றால் இப்படிக் கவனித்துக்கொண்டிருக்க ஆள் உண்டு. லேப் போத்தலுக்கு யார்?

மற்றப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். எறும்பெழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது: ஆய்வுக்கு மட்டும், மனிதருக்குப் பாவிக்கக் கூடாது.

"பார்லரில மருந்துப் பதிவு இலக்கம் கேளுங்கோ அன்ரி," என்றேன்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "கேட்டனான் பிள்ளை. அதுக்குப் பிறகு அவை போனே எடுக்கேல்லை."