புடைத்திருப்பது நரம்பு இல்லை

"டாக்டர், நரம்பெல்லாம் வெளியே தெரியுது, உடம்புல சத்தே இல்ல போல" என்று கையை நீட்டுபவர்கள் அடிக்கடி வருகிறார்கள். பெரும்பாலும் ஒல்லியான இளைஞர்கள். (ஜிம்முக்குப் போகிறவர் இதே கையைப் பெருமையாகக் காட்டுவார்!) அவர்கள் காட்டுவது நரம்பே இல்லை, இதயத்துக்கு இரத்தம் திரும்பிப் போகும் சிரை. தோலுக்கடியில் கொழுப்பு குறைந்தாலோ, வெயிலில் வேலை பார்த்தாலோ, வயது கூடினாலோ அது எடுப்பாகத் தெரியும். நோய் இல்லை. ஊசி போடும் நர்ஸுக்குத்தான் வேலை சுலபம்.

இந்தப் பெயர்க் குழப்பம் ஆளைக் கெடுப்பது காலில்தான். ஜவுளிக்கடையில் பல வருடம் நின்றே வேலை பார்த்த ஒரு அம்மா வந்தார். கெண்டைக்காலில் சிரை புழு மாதிரி நெளிந்து கிடந்தது. 'நரம்புச் சுருட்டல்' என்று யாரோ சொல்ல, நரம்புக்கான சத்து மாத்திரையை இரண்டு வருடம் விழுங்கியிருக்கிறார். கணுக்காலின் உள்பக்கம் கறுத்து, அரித்து, சொறிந்த இடம் ஆறாத புண்ணான பிறகே வந்தார்.

காலிலிருந்து இரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைத் தசை. ஏறியது இறங்காமல் தடுப்பவை சிரைக்குள் இருக்கும் வால்வுகள். அசையாமல் நின்றால் தசை வேலை செய்யாது. வால்வும் பழுதானால் இரத்தம் கீழேயே தேங்கும். இதற்கு மாத்திரை என்ன செய்யும்? இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தோம், அழுத்தக் கட்டு போட்டோம், பிறகு லேசரில் அந்தச் சிரையை அடைத்தோம். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தமே வந்ததே என்றேன். "நாற்காலி இருக்கு சார், உட்கார்ந்தா முறைப்பாங்க" என்றார்.

சிரை எங்கே புடைக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். தொப்புளைச் சுற்றிப் புடைத்தால் கல்லீரலைச் சந்தேகிக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போதே கழுத்தில் புடைத்து நின்றால் இதயத்தை. முகமும் வீங்கி, நெஞ்சில் புதிதாகச் சிரைகள் தெரிந்தால் தள்ளிப்போடவே கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், வெளியே எதுவும் தெரியாவிட்டாலும், உள்சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே காட்டுங்கள். அதோடு மூச்சும் வாங்கினால் நேரே அவசரப் பிரிவுதான்.

அப்புறம் ஒன்று. சுருண்ட சிரை வெடித்து இரத்தம் பீய்ச்சினால் பதறிப்போய் தொடையில் கயிறு கட்டிவிடுகிறார்கள். அதில் இரத்தம் இன்னும் கூடத்தான் செய்யும். படுக்க வைத்து, காலை உயரத் தூக்கி, சுத்தமான துணியால் அந்த இடத்தையே அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.