அட்வான்ஸ்: முன்பணமா, கொத்தடிமைக் கடனா?

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வீட்டு வாடகைக்குக் கொடுப்பதும் அட்வான்ஸ், செங்கல் சூளையில் வாங்குவதும் அட்வான்ஸ். முதலாவது, வீட்டைக் காலி செய்யும்போது திரும்பி வரும். இரண்டாவது, ஆளைச் சூளையை விட்டுக் காலி செய்ய விடாது.

சொல் ஆங்கிலத்தது. பழைய பிரெஞ்சு வழியாகப் போனால், முன்னாலிருந்து என்று பொருள்படும் லத்தீன் ‘அபான்தே’ வரும். அதில் இல்லாத ‘ட்’ 16ஆம் நூற்றாண்டில் தவறான யூகத்தால் நுழைந்தது.

நேர்த் தமிழ், முன்பணம். வாடகைக்கு அது போதும். சூளைக்குப் போதாது. அங்கே ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி; பெற்றோர் பேரில் ஒரே கணக்கு. அறுத்த பச்சைக்கல், அதாவது சுடாத செங்கல், களத்தில் படுத்துக் காயும். மேல்பக்கம் இறுகியதும் குனிந்து ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டும், பிறகு சுமந்து அடுக்க வேண்டும். சுட்ட கல்லே ஏறத்தாழ 3 கிலோ. ஈரக்கல் இன்னும் கனம். எண்ணிக்கை ஏறினால்தான் கடன் கழியும் என்பதால் பிள்ளைகளும் களத்தில் இறங்குகிறார்கள். வெயில், செம்மண் தூள், சூளைப் புகை எல்லாம் அவர்களுக்கும் உண்டு. கணக்கு நோட்டில் பெயர் மட்டும் இல்லை. மழை பெய்து பச்சைக்கல் கரைந்தால் அந்தக் கூலியும் போய், பாக்கி அடுத்த சீசனுக்கு நீளும்.

இதற்குத் தமிழில் ஏற்கெனவே சொல் உண்டு: கொத்தடிமை. கொத்து என்றால் ஆளுக்கு அளக்கும் தானியக் கூலி. திரள் என்றும் பொருள். சூளைக்கு இரண்டாவது பொருள்தான் கச்சிதம், குடும்பமே கொத்தாகக் கட்டுப்படுவதால். 1976ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும், கடன் வாங்கியவர் தாமோ தம் குடும்பத்தாரைக் கொண்டோ உழைத்துக் கழிப்பதைச் சேர்த்தே சொல்கிறது. அக்கடனுக்கு அது தரும் பெயர் கொத்தடிமைக் கடன்.

மீட்கக் கோரி மனு எழுதும்போது இந்த வேறுபாடு பெரிது. ‘அட்வான்ஸ் பாக்கி’ என்று எழுதினால் வெறும் கொடுக்கல் வாங்கல் தகராறாகப் போய்விடும். ‘கொத்தடிமைக் கடன்’ என்று எழுதினால், அச்சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, அது அப்படியல்ல என்று காட்டும் சுமை கடன் கொடுத்தவருடையது. அவரால் காட்ட முடியாவிட்டால் கடன் தானே ஒழியும். அதற்குப் பிறகு வசூலிப்பது குற்றம், 3 ஆண்டு வரை சிறை.

பிள்ளைக்குத் தனியாக இன்னொரு சட்டம், 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம். 2016 திருத்தத்துக்குப் பின், சொந்தக் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர, 14 வயதுக்குக் கீழ் எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது. 14 முதல் 18 வரை சுரங்கம் போன்ற ஆபத்தான தொழிலுக்குத் தடை. கிரானைட் குவாரியும் அதில் அடங்கும். ‘அப்பா அம்மாவுக்குத்தானே உதவுகிறான்’ என்ற சமாதானம் சூளையில் செல்லாது. சூளை அவர்கள் குடும்பத் தொழிலா என்ன?

மனுவில் வாங்கிய தொகை, வாங்கிய மாதம், ஆயிரம் கல்லுக்குப் பேசிய கூலி, பிள்ளைகளின் பெயர், வயது, விட்ட வகுப்பு ஆகியவை இருக்கட்டும். கொடுக்கும் இடம் ஆட்சியர் அல்லது கோட்டாட்சியர் அலுவலகம். பிள்ளை இன்னும் களத்தில் இருந்தால் முதலில் 1098, குழந்தைகள் உதவித் தொலைபேசி எண்.